உள்ளிக் கடுகைச் சாப்பிடுங்கள், விதைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையின் சமையல் பக்கத்தில் வந்த காட்டுக்கீரைக் கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். இங்கே ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வசந்த காலத்தில் நடைபாதை ஓரமெல்லாம் முளைக்கிற ‘கார்லிக் மஸ்டர்ட்’ என்ற செடியை, அதாவது உள்ளிக் கடுகை, வறை செய்யலாம், சுண்டலாம், சம்பல் போடலாம் என்று அதில் இருந்தது. அதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. கடைசிப் பந்தியில்தான் வில்லங்கம். ஆடி மாதம் காய் முற்றியதும் விதையைச் சேர்த்துப் பின்வளவில் தூவிவிட்டால், தண்ணீர்கூட ஊற்றாமல் வருடாவருடம் கீரை கிடைக்குமாம்.

கிடைக்கும் என்பது உண்மைதான். உங்களுக்கு மட்டுமல்ல, வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கும், அதற்கு அப்பால் உள்ள பள்ளத்தாக்குக்கும் சேர்த்துக் கிடைக்கும். பிறகு போதும் என்று சொன்னாலும் நிற்காது. கட்டுரை வந்த வார இறுதியில் கோயில் மண்டபத்தில் இரண்டு பேர் என்னிடம் “அண்ணை, அந்த விதை எங்கே எடுக்கலாம்?” என்று கேட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இலங்கையில், ஊரில் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். இங்கே வந்து களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கி ஓய்வுபெற்றேன், அது வேறு கதை. ஓய்வுக்குப் பிறகு மல்வேர்னிலிருந்து றூஜ் பூங்காப் பக்கம் நடக்கப் போகிற பழக்கம் வந்தது. அங்கே தொண்டர்களோடு சேர்ந்து மே மாதத்தில் இந்தச் செடியைப் பிடுங்குகிற பழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே சமையல் தெரியாதவன் சமையல் பக்கத்துக்குக் குறுக்கே வருகிறான் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கீரையை நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். எங்கள் ஆக்கள் சிலர் இதை வல்லாரை என்று நினைத்துப் பிடுங்குவதைக் கண்டிருக்கிறேன். குற்றம் சொல்ல முடியாது. முதல் வருடச் செடி நிலத்தோடு ஒட்டி, வட்ட வட்டமாக, ஓரம் சுருக்கு வைத்த இலைகளோடு இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வல்லாரைப் பாத்திதான். ஆனால் வல்லாரை தண்டோடிப் படரும். இது அப்படி ஓடாது, எல்லா இலைக்காம்பும் ஒரே குருத்திலிருந்து வரும். இலையைக் கசக்கி மணந்து பார்த்தால் உள்ளி மணக்கும். அதற்குப் பிறகு சந்தேகமே வராது. காட்டில் இதைப் போன்ற இலையோடு வயலட், காட்டு இஞ்சி என்று இந்த மண்ணுக்கே உரிய செடிகளும் உண்டு. அவற்றைத் தொடக்கூடாது என்பதால்தான் மணந்து பார்க்கச் சொல்கிறேன்.

முதல் வருடச் செடி பனிக்காலத்தில் ஸ்னோவுக்குக் கீழேயும் பச்சையாகவே கிடக்கும். மற்றச் செடிகள் எல்லாம் நித்திரையால் எழும்ப முன்னரே இது வெயிலைப் பிடித்துவிடுகிறது. இரண்டாம் வருடம் தண்டு எழுந்து, நல்ல இடமென்றால் ஒரு மீற்றர் வரை நிற்கும். மேல் இலைகள் முக்கோணமாக, பல் வெட்டியது மாதிரி இருக்கும். சித்திரைக் கடைசியிலிருந்து நுனியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ, நாலு இதழ். கடுகுக் குடும்பம் என்பது அந்த நாலு இதழிலேயே தெரியும். பிறகு மெல்லிய நீளக் காய். அது வெடித்து உள்ளே இருக்கிற கறுப்பு விதை கொட்டும், செடி செத்துவிடும். செடிக்கு ஆயுள் இரண்டு வருடம்தான், விதைக்கு அப்படி அல்ல. மண்ணுக்குள் ஐந்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஒரு செடி சாதாரணமாகச் சில நூறு விதை போடும், கொழுத்த செடியென்றால் ஆயிரக்கணக்கில் போடும். தன் பூவைத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் என்பதால் சோடி தேவையில்லை. சப்பாத்துச் சேற்றில் ஒரே ஒரு விதை புதுக் காட்டுக்குள் போனாலும் போதும்.

இது கனடாவின் சொந்தச் செடி அல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே மனிதர் இதைச் சமைத்தது மிகப் பழைய காலத்திலிருந்து. டென்மார்க்கிலும் ஜேர்மனியிலும் தோண்டியெடுத்த ஏறத்தாழ 6,000 வருடப் பழைய மண்பானைகளின் அடிக்கரியில் இந்தச் செடியின் விதைத் தடயத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள், மீன், இறைச்சிக் கொழுப்பின் அடையாளத்தோடு. வெறும் வயிற்றுப்பசிக்கு இல்லாமல் வாசனைக்காகப் போட்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் கருத்து. எங்கள் தாளிதக் கடுகின் தூரத்துச் சொந்தக்காரன் அங்கே மீன்குழம்புக்குள் கிடந்திருக்கிறான் என்று நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம். குடியேறியவர்கள் அந்தப் பழக்கத்தோடு கீரைக்கும் மருந்துக்கும் என்று இதை இங்கே கொண்டுவந்தார்கள். வட அமெரிக்காவில் முதன்முதலில் பதிவானது 1868 இல், நியூயோர்க் பக்கத்து லோங் ஐலண்டில். கனடாவில் முதற்பதிவு 1879 இல், எங்கே என்று கேட்டால் எங்கள் ரொறன்ரோவில்தான். சமையலறைத் தோட்டத்தில் வைத்தால் வேலிக்குள் நிற்கும் என்று நம்பித்தான் அவர்களும் விதைத்திருப்பார்கள்.

சரி, பரவினால் என்ன, தின்னுகிற கீரைதானே என்று கேட்கிறவர்களுக்குத்தான் அடுத்தது.

காட்டு மரங்கள் தனியாகச் சாப்பிடுவதில்லை. மேப்பிள் போன்ற மரங்களின் வேரோடு ஒருவகைப் பூஞ்சணம் சேர்ந்து வாழ்கிறது. நூலைவிட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் நெடுந்தூரம் விட்டு, தண்ணீரும் பொஸ்பரசும் எடுத்து மரத்துக்குக் கொடுக்கும். மரம் தன் சர்க்கரையில் பங்கு கொடுக்கும். கடுகுக் குடும்பத்துச் செடிகளில் பெரும்பாலானவை இந்தக் கூட்டுக்குள் சேருவதில்லை. அவற்றின் காரத்தை உண்டாக்கும் அதே இரசாயனங்கள் பூஞ்சணத்துக்கு நஞ்சு. உள்ளிக் கடுகு நிற்கிற மண்ணில் அந்தக் கூட்டு குலைகிறது, மேப்பிள் நாற்று நோஞ்சானாகிறது என்பதை 2006 இல் கிறிஸ்டினா ஸ்டின்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் பரிசோதித்துக் காட்டினார்கள். அந்தக் குழுவில் இங்கே பக்கத்திலிருக்கிற குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இருந்தார்கள். பெரிய மரம் விழுந்துவிடாது. அதன் காலடியில் எழும்ப வேண்டிய குஞ்சு மரம்தான் எழும்பாது. நாங்கள் நடந்துபோகும்போது காடு பச்சையாகவே தெரியும் என்பதால் இந்தச் சேதம் கண்ணில் படுவதில்லை.

வண்ணத்துப்பூச்சி ஒன்றின் கதை இன்னும் மோசம். ‘வெஸ்ட் வெர்ஜினியா வைட்’ என்று மங்கிய வெள்ளையில் ஒரு பூச்சி ஒன்ராறியோவின் பழைய காடுகளில் உண்டு. ‘ரூத்வேர்ட்’ என்ற உள்ளூர்க் காட்டுச் செடியில் முட்டையிடும். அதுவும் கடுகுக் குடும்பம்தான். உள்ளிக் கடுகிலும் அதே குடும்ப வாசம் வருவதால் தாய் ஏமாந்து அதில் முட்டையிட்டுவிடுகிறது. பொரிக்கிற புழுக்கள் அந்த இலையைத் தின்று செத்துப்போகின்றன.

ட்ரில்லியம் பூவை எல்லோருக்கும் தெரியும். மூன்று இதழ், வெள்ளை, 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாணப் பூ. அரசாங்கக் கடிதத் தலைப்பில் அதைப் பார்த்திருப்பீர்கள். விதை விழுந்து முதல் பூப் பூக்க ஏழு வருடமோ அதற்கு மேலோ எடுக்கும். விதையைத் தூக்கிக்கொண்டு போவது எறும்பு, அதனால் தூரமும் போகாது. இவ்வளவு ஆறுதலாக வளர்கிற செடிக்குப் பக்கத்தில், இரண்டே வருடத்தில் பிறந்து விதைத்துச் சாகிற ஒன்றை விட்டால் இடம் யாருக்குப் போகும்? அதோடு மான்கள் ட்ரில்லியத்தை விரும்பித் தின்னும், உள்ளிக் கடுகைத் தொடாது.

இதற்கு எதிர்க்கருத்தும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் நேர்மையானவன் அல்ல. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பேர்ண்ட் புளொசி என்ற ஆய்வாளர் பல வருடங்களாகச் சொல்வது என்னவென்றால், இந்தச் செடியைத் திட்டிப் பயனில்லை, காட்டைக் கெடுத்தது மானும் மண்புழுவும்தான். உள்ளிக் கடுகு கெட்ட காட்டுக்குள் பின்னால் வந்து குந்திக்கொண்டது என்கிறார். நீண்ட காலம் ஒரே இடத்தில் நின்றால் அதன் கூட்டம் தானாகவே மெலிந்துபோகிறது என்று 2021 இல் அவர் குழு எழுதியது. அதற்கு முன் 2009 இல் வந்த இன்னோர் ஆய்வும், பழைய இடங்களில் இந்தச் செடியின் நஞ்சு குறைந்துகொண்டு போகிறது என்று காட்டியது.

மண்புழு என்றதும் நான் முதலில் சிரித்தேன். ஊரில் மண்புழு நண்பன் என்று எத்தனை தோட்டக்காரருக்கு வகுப்பு எடுத்திருப்பேன். ஆனால் இந்தப் பகுதி பனியுகத்தில் முழுக்கப் பனிப்பாறைக்குக் கீழே கிடந்த நிலம். பாறை விலகிய பிறகு வளர்ந்த காடுகள் மண்புழு இல்லாமலேயே வளர்ந்தவை. இன்று இங்கே கிண்டினால் வருகிற புழுக்கள் அநேகமாக எல்லாமே ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அவை சருகுப் படுக்கையைத் தின்று தீர்க்க, அந்தப் படுக்கைக்குள் முளைக்கப் பழகிய செடிகள் வெறுமண்ணில் திண்டாடுகின்றன. வெறுமண் உள்ளிக் கடுகுக்குச் சீதனம்.

புளொசி சொல்வதில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். காடு முழுக்கப் பழைய கூட்டமாகப் பரந்துவிட்ட இடத்தில் போய் முதுகை முறித்துக்கொள்வதில் பெரிய பிரயோசனம் இல்லை. பிடுங்குகிற ஆட்கள் மிதித்து மண்ணைக் கிளறுவதே இன்னும் விதையை எழுப்பிவிடும். ஆனால் இன்னும் நல்லாயிருக்கிற காட்டின் ஓரத்தில் புதிதாக நாலு செடி நிற்கிறதென்றால், அந்த நாலைப் பிடுங்குவது பெரிய காரியம். தானாக மெலியும் என்றால் எத்தனை காலத்துக்குப் பிறகு? பல பத்து வருடங்கள். அதுவரை அந்த ட்ரில்லியங்கள் பொறுத்திருக்குமா என்று நான் கேட்பேன். எப்படிப் பார்த்தாலும், இரண்டு பக்க ஆய்வாளரில் ஒருவரும் புதிதாகக் கொண்டுபோய் விதையுங்கள் என்று சொல்லவில்லை.

மருந்தடிக்காமல் இதற்கு வழி தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். சுவிற்சர்லாந்தில் இருக்கிற ஆய்வு நிலையம் ஒன்றில் 1998 முதல், ஐரோப்பாவில் இந்தச் செடியைத் தின்னுகிற பூச்சிகளைச் சோதித்து வந்தார்கள். அவற்றில் வேர்முடியைக் குடைகிற சின்ன மூக்கு வண்டு ஒன்றைக் காட்டுக்குள் விட 2018 இல் கனடா அனுமதி கொடுத்தது. வேறு பயிர்களுக்குப் போகாதா என்று இருபது வருடம் பார்த்த பிறகு. கடுகுக் குடும்பத்தில் கனோலா, கோவா, ராபு எல்லாம் இருப்பதால் அவ்வளவு கவனம் வேண்டும்தான். இலங்கையில் குளங்களை மூடிய சல்வீனியா என்ற நீர்க்களையை எண்பதுகளில் ஒரு சின்ன வண்டு எப்படித் தின்று தீர்த்தது என்பதை அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரேசிலிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போய் அங்கிருந்து எங்களிடம் வந்த வண்டு அது. இங்கே அப்படி வேகமாக நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காட்டு மண்ணில் வேலை ஆறுதலாகத்தான் நடக்கும்.

ஊரில் பரவிய பார்த்தீனியம் என்ற களையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தியப் படை வந்த காலத்தில் ஆட்டோடு வந்தது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்கிற என் தம்பி இன்றைக்கும் போனில் அதைத் திட்டாமல் வைப்பதில்லை. கை சொறிகிறது, மாடு தின்னாது, பிடுங்கிய வாரமே மறுபடி முளைக்கிறது. அந்தச் செடியோடு பட்ட சனம்தான் நாங்கள். இங்கே ஒரு களையைப் பணம் கொடுக்காமல் கிடைக்கும் கீரை என்று நாங்களே தூவினால், தம்பி என்னைத்தான் முதலில் திட்டுவான்.

சாப்பிடுவது பற்றி. சித்திரை மாதத் தொடக்கத்தில், பூ வருமுன், இளம் இலை நன்றாக இருக்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ போட்டு வறுத்தால் கடுகுக் காரமும் உள்ளி வாசமும் சேர்ந்து வரும். என் மனைவி ஒருமுறை வாயில் வைத்துவிட்டு, முருங்கையிலை இருக்க இது எதற்கு என்றார். பூத்த பிறகு கைக்கும். இலையில் சயனைட்டு இருப்பதாகவும் கண்டிருக்கிறார்கள், அதனால் அளவாக, வேகவைத்து. தெருவோரத்திலும் நாய் நடக்கிற பாதையிலும் எடுக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று, றூஜ் தேசிய நகர்ப் பூங்காவிலோ ரொறன்ரோ நகரசபைப் பூங்காக்களிலோ நாமாகப் போய் எந்தச் செடியையும் பிடுங்கக் கூடாது, களையென்றாலும் கூட. கீரைப் பையோடு பிடிபட்டால் தண்டம் கட்ட நேரிடலாம். பூங்காவுக்குள் பிடுங்க ஆசையென்றால் அவர்கள் ஒழுங்கு செய்கிற தொண்டர் நாட்களில் சேர வேண்டும். உங்கள் வளவுக்குள் நிற்பதைப் பிடுங்க யாரையும் கேட்கத் தேவையில்லை.

மழை பெய்த மறுநாள் நல்ல நாள். தண்டை நுனியில் பிடித்து இழுத்தால் அறுந்து, கீழே குருத்து மிஞ்சி மறுபடி எழும்பும். நிலத்தோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். வேர் மேலே ஒரு வளைவு வளைந்து பிறகு நேராக இறங்கும், அந்த வளைவு கையோடு வந்தால் வேலை சரி. பூத்த செடியைப் பிடுங்கி நிலத்தில் போட்டுவிட்டு வரக்கூடாது. பிடுங்கிய பிறகும் அதிலிருக்கிற சத்தைக் கொண்டு காய் முற்றி விதை விழும். இதை நம்பாமல் வேலியோரம் குவித்து வைத்த ஒருவரின் குவியலில், ஆனி மாதம் போய்ப் பார்த்தபோது காய் பழுத்து நின்றது. வீட்டு எருக்குழிக்குள்ளும் போட வேண்டாம். கறுப்புக் குப்பைப் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, வெயிலில் ஒரு வாரம் வைத்தால் உள்ளே வெந்துவிடும். பிறகு குப்பைக்குப் போகட்டும். வீட்டுக்குள் போகுமுன் சப்பாத்தைத் தட்டிவிடுங்கள், நாய் இருந்தால் அதன் காலையும். புல்வெட்டும் மெசினும் விதையைக் காவும். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் அதே இடத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மண்ணுக்குள் பழைய விதை இருக்கிறது.

இரண்டு கோரிக்கை. ஒன்று ஆசிரியருக்கு, அதே சமையல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், விதை தூவும் ஆலோசனையை வாபஸ் வாங்குங்கள். கடைசிப் பக்க மூலையில் போட்டால் வாசிக்க வேண்டியவர்கள் வாசிக்க மாட்டார்கள். இரண்டாவது ஊர்ச்சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும். ஒவ்வொரு கோடையும் பூங்காவில் ஒன்றுகூடல் வைக்கிறீர்கள். கொத்துரொட்டி, கிளித்தட்டு, கயிறிழுத்தல் எல்லாம் நடக்கிறது. அதே பூங்கா நிர்வாகத்தோடு பேசி மே மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையை மட்டும் இதற்கு ஒதுக்கலாம். கையுறையும் பையும் அவர்களே தருவார்களா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் தருவார்கள். பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பாடசாலை முடிக்கத் தேவைப்படுகிற நாற்பது மணித்தியாலத் தொண்டு வேலையிலும் சேர்த்துக்கொள்ளலாம். அதைக் கேட்டதும் என் பேரன் உடனே சம்மதித்தான், காட்டின் மேல் இருக்கிற அன்பினால் அல்ல.

இந்தக் கடிதத்தை முடிந்தால் வருகிற இதழிலேயே போடுங்கள். வைகாசி நடுப்பகுதிக்குப் பிறகு காய் கட்டத் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர்,
மல்வேர்ன், ஸ்காபரோ